"எங்கே வேலை செய்கிறாய்?" - தோட்டக் காய்ச்சல் உலகுக்குத் தந்த மருந்து

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன்பு ஒரு நிகழ்ச்சிப் படப்பிடிப்புக்காகக் கோல சிலாங்கூர் பக்கம் போயிருந்தோம். பழைய பத்தாங் பெர்ஜுந்தை, 2007-ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய அந்த ஊருக்கு அருகில், தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே முதுமை கண்ட ஒரு பாட்டியைப் பேட்டி எடுத்தோம். தொண்ணூறு வயதைத் தாண்டியவர். நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. நாங்கள் கேட்கப் போனது லயத்து வாழ்க்கையைப் பற்றி. அவர் பேசியது தன் தகப்பனாரைப் பற்றி.

"ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி அப்பா போயிட்டாரும்மா. செம்பனைக் காட்டுல புல்லு வெட்டுற வேலை. காய்ச்சல் வந்துச்சு. கொய்னா குடுத்தாங்க. எறங்கலை. திரும்பவும் குடுத்தாங்க. ரெண்டு வாரத்துல முடிஞ்சு போச்சு. என்ன காய்ச்சல்னு கேட்டா டிரெசருக்கும் பேரு சொல்லத் தெரியலை. எங்கம்மா சாகுற வரைக்கும் அதைப் 'பேரில்லாத காய்ச்சல்'னுதான் சொல்லுவாங்க."

படப்பிடிப்பு முடிந்து திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னை விடவில்லை. பேரில்லாத காய்ச்சல். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்று, ஒலிவாங்கியைப் பிடித்துப் பிழைப்பவள். அந்தப் பாட்டியின் தகப்பனாருக்கு வந்தது இன்ன நோய் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் அதே காலத்தில், அதே சிலாங்கூர் மாநிலத்தில், கொய்னாவுக்கு அடங்காத ஒரு தோட்டக் காய்ச்சலுக்குப் பெயர் தேடி ஆய்வுக்கூடத்தில் சிலர் உழைத்துக் கொண்டிருந்தார்கள். அந்தத் தேடலின் கதை நம் பாட்டன் பூட்டன்களின் கதையும்கூட. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அதைத்தான் இன்று பகிர்ந்து கொள்ள வந்திருக்கிறேன்.

முதல் எதிரி மலேரியா

அக்காலத்தில் தோட்டத்துக் காய்ச்சல் என்றாலே மலேரியாதான். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட இடங்களிலெல்லாம் முதலில் விழுந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.

1897-இல் செக்கந்தராபாத்தில் ரோனால்ட் ராஸ் என்ற மருத்துவர், மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டுபிடித்தார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1901-இல், மால்கம் வாட்சன் என்ற இளம் அரசாங்க மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டில்தான் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த வேகத்தில் மலேரியா அதை முடக்கிப் போட்டது. வாட்சன் சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்தார், காட்டை வெட்டச் சொன்னார். 1902-இல் கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் இரண்டு ஊர்களிலிருந்தும் மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 199 பேர். 1905-இல் அது 23-ஆகக் குறைந்தது.

பிறகு அவர் பார்வை தோட்டங்களின் பக்கம் திரும்பியது. லயங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா அடிக்கடி வந்தால் மண்ணீரல் வீங்கும். எந்தத் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு வீங்கியிருக்கிறது என்று எண்ணினாலே அந்தத் தோட்டத்தின் நிலைமை தெரிந்துவிடும்.

அப்படி எண்ணியபோது ஒரு விந்தை தெரிந்தது. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டினால் மலேரியா குறைந்தது. அதே வேலையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தால் குறையவில்லை. காரணம், இரண்டு இடத்திலும் இருந்தவை வெவ்வேறு கொசுக்கள். சமவெளிக் கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் பெருகும். மலைக் கொசுவோ வெயில் படுகிற தெளிந்த ஓடையில் பெருகும். மரத்தை வெட்டினால் அதற்குக் கொண்டாட்டம்! ஆகவே மலைத்தோட்டங்களில் ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் விட்டார்கள், நீரின் மேல் எண்ணெய் தெளித்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோயாளியின் உடம்பை மட்டும் பார்த்திருந்தால் வாட்சனுக்கு இந்த உண்மை கிடைத்திருக்காது. அவன் எங்கே குடியிருக்கிறான், எந்த மண்ணில் வேலை செய்கிறான் என்று பார்த்ததால்தான் கிடைத்தது.

செம்பனை வந்தது, புதுக் காய்ச்சல் தெரிந்தது

மலேரியா ஓரளவு கட்டுப்பட்ட தோட்டங்களிலும் சில காய்ச்சல்கள் எஞ்சி நின்றன. இரத்தத்தில் மலேரியாக் கிருமி இல்லை. கொய்னா கேட்கவில்லை. டைபாய்டு போல் இருக்கும், ஆனால் டைபாய்டுக்கான சோதனையில் பிடிபடாது.

இந்தச் சமயத்தில் சிலாங்கூர் மண்ணில் ஒரு பெரிய மாற்றம் நடந்து கொண்டிருந்தது. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கோல சிலாங்கூரில் ரப்பர் தோட்டம் நடத்தி வந்தார். பின்னாளில் 'மலேசி' என்ற நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றவர் இவர்தான். 1917-இல் அவர் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். மலேசியாவில் வணிக நோக்கில் போடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். பெயரைப் பாருங்கள், தென்னைமரம்! நாட்டின் பொருளாதாரத்தையே பின்னால் மாற்றிய செம்பனை, தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு தோட்டத்தில்தான் வேர் விட்டது. 1920-களில் செம்பனை வேறு தோட்டங்களுக்கும் பரவியது.

செம்பனைக் காட்டில் வேலை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குனிந்து புல் வெட்ட வேண்டும். உதிரிப் பழம் பொறுக்க வேண்டும். பழத்தைத் தேடி எலி வரும். எலியோடு வேறொன்றும் வரும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

கடைக் காய்ச்சல், காட்டுக் காய்ச்சல்

கோலாலம்பூரில் ஐ.எம்.ஆர். எனப்படும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900-இல் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய வில்லியம் ஃபிளெச்சர், லெஸ்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1920-களின் நடுவில் இந்தப் பெயர் தெரியாத காய்ச்சலைக் கையில் எடுத்தார்கள். நோயாளிகளின் அறிகுறிகள் டைபஸ் என்ற நோயைப் போல இருந்தன. டைபாய்டு வேறு, டைபஸ் வேறு. ஐரோப்பாவில் பேன் மூலம் பரவிப் படைகளையே அழித்த நோய் டைபஸ். ஆனால் இங்கே அது பேன் மூலம் பரவுவதாகத் தெரியவில்லை. ஒருவருக்கு வந்தால் அதே லயத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவதில்லை.

டைபஸைக் கண்டறிய அப்போது ஓர் இரத்தச் சோதனை இருந்தது. வெய்ல், ஃபீலிக்ஸ் என்ற இருவர் முதல் உலகப் போர்க் காலத்தில் கண்டுபிடித்தது. புரோட்டியஸ் என்ற வேறொரு கிருமியை நோயாளியின் இரத்த நீரோடு கலந்தால், டைபஸ் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு புரோட்டியஸ் வளர்ப்புகள் இருந்தன. ஒன்று வார்சாவிலிருந்து பெறப்பட்ட வகை. இன்னொன்றைக் கிங்ஸ்பரி என்ற சக மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்திருந்தார். இரண்டும் ஒரே வகை என்றே நம்பினார்கள்.

ஆனால் சோதனை வேறு கதை சொன்னது. சில நோயாளிகளின் இரத்தம் வார்சா வகையை மட்டும் திரளச் செய்தது. வேறு சிலரின் இரத்தம் கிங்ஸ்பரி கொண்டு வந்ததை மட்டும் திரளச் செய்தது. ஏன் இப்படி? சோதனையில் தவறா?

பதில் சோதனைக் குழாயில் இல்லை, நோயாளி சொன்ன முகவரியில் இருந்தது. வார்சா வகையைத் திரளச் செய்தவர்கள் பெரும்பாலும் பட்டணத்துக்காரர்கள், கடைகளில் இருப்பவர்கள். கிங்ஸ்பரி வகையைத் திரளச் செய்தவர்கள் வெளிப்புறங்களில், குறிப்பாகச் செம்பனைத் தோட்டங்களில், புல்லிலும் புதரிலும் வேலை செய்தவர்கள். "எங்கே வேலை செய்கிறாய்?" என்ற கேள்விக்குக் கிடைத்த பதில், ஒரு நோய் என்று நினைத்ததை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. ஒன்றைக் கடை டைபஸ் என்றார்கள். மற்றதைப் புதர் டைபஸ், அதாவது ஸ்கரப் டைபஸ் என்றார்கள். கிங்ஸ்பரியின் பெயரிலுள்ள முதல் ஆங்கில எழுத்தைக் கொண்டு 'ஓ.எக்ஸ்.கே.' என்று அழைக்கப்பட்ட அந்தச் சோதனை, பல பத்தாண்டுகள் ஆசியா முழுவதும் ஸ்கரப் டைபஸைக் கண்டறியப் பயன்பட்டது. சாதாரணத் தோட்டத் தொழிலாளிகளின் இரத்தம் உலக மருத்துவத்துக்கு எழுதிக் கொடுத்த முதல் பாடம் அது.

கண்ணுக்குத் தெரியாத உண்ணி

எலியோடு வருவது என்ன? ஒரு சின்னஞ்சிறு உண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். கண்ணில் படாது. இந்த உண்ணி தன் வாழ்நாளில் குஞ்சுப் பருவத்தில் மட்டுமே பிற உயிர்களின் மேல் ஒட்டும், அதுவும் ஒரே ஒரு முறைதான். பெரும்பாலும் எலியைத்தான் தேடும். எலி ஓடுகிற புல்லில் மனிதன் உட்கார்ந்தால், குனிந்தால், அவன் மேலும் ஏறிவிடும். இடுப்பு மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று மறைவான இடமாகப் பார்த்துக் கடிக்கும். வலிக்காது.

நோய்க்கிருமி அந்த உண்ணிக்குள் இருக்கிறது. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வந்து சேர்கிறது. ஆகவே எலியை ஒழித்தால் மட்டும் போதாது, மண்ணிலேயே நோய் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும்.

கடிபட்டு ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். கடும் தலைவலி, உடல்வலி, நெறிகட்டுதல் எல்லாம் சேரும். கடித்த இடத்தில் சிலருக்குச் சிகரெட் சுட்டதைப் போல் கறுப்புப் பொருக்கு ஒன்று உண்டாகும். நோய் முற்றினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை தாக்கும். மருந்து கொடுக்காவிட்டால் நூற்றில் ஏறத்தாழ ஆறு பேர் இறக்கிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சில இடங்களில் இது பல மடங்கு அதிகம்.

ஜப்பானில் நிகாத்தா பகுதியின் ஆற்றங்கரை விவசாயிகள் 'சுட்சுகாமுஷி' என்று ஒரு நோயைச் சொல்லி வந்தார்கள். அதுவும் உண்ணிக் காய்ச்சல்தான். அதுவும் நம் தோட்டத்துக் காய்ச்சலும் ஒன்றா, வேறா? ஐ.எம்.ஆர்.-இல் லூத்வெயிட் என்ற ஆங்கிலேயரும் சவூர் என்ற இந்தியரும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, இரண்டும் ஒன்றே என்று 1940-இல் அறிவித்தார்கள். ஒரியென்ஷியா சுட்சுகாமுஷி என்பதுதான் அந்தக் கிருமிக்கு இன்று வழங்கும் பெயர்.

பெயர் கிடைத்துவிட்டது. மருந்து கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளிலும் பசிபிக் தீவுகளிலும் ஆயிரக்கணக்கான போர்வீரர்களை இந்தக் காய்ச்சல் வீழ்த்தியது. தோட்டத் தொழிலாளி செத்தபோது மெதுவாக நடந்த ஆராய்ச்சி, சிப்பாய் செத்தபோது வேகமெடுத்தது. கசப்பாக இருந்தாலும் இது உண்மை.

1948: கோலாலம்பூரில் நடந்த சோதனை

1947-இல் தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரி, புதிய மருந்து ஒன்றைத் தந்தது. அதுதான் குளோரோமைசெட்டின், மருத்துவப் பெயர் குளோராம்ஃபெனிக்கால். மறு ஆண்டு ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க மருத்துவர் தம் குழுவோடு அதை எடுத்துக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்தார். ஏன் கோலாலம்பூர்? ஸ்கரப் டைபஸ் நோயாளிகள் இங்கே இருந்தார்கள். அதைச் சரியாகக் கண்டறியத் தெரிந்த ஆய்வுக்கூடமும் இங்கே இருந்தது. லூத்வெயிட்டும் சவூரும் அந்தக் குழுவில் சேர்ந்து உழைத்தார்கள்.

மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கியது. இரண்டு வாரம் எரிந்து கொண்டிருந்த காய்ச்சல்! 1948-இலேயே அந்த முடிவு உலகுக்கு வெளியிடப்பட்டது.

அதைவிடப் பெரிய செய்தி எதிர்பாராமல் வந்தது. ஸ்கரப் டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகளில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்று பின்னால் தெரிய வந்தது. அவர்களும் குணமடைந்தார்கள்! அதுவரை டைபாய்டுக்கு மருந்தே கிடையாது. கஞ்சியும் படுக்கையும் கடவுளும்தான். குழுவில் இருந்த உட்வர்ட் இதை விடாமல் பிடித்துக்கொண்டு டைபாய்டு நோயாளிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். இங்கே பணியாற்றிய மான்கிகர் என்ற இந்திய மருத்துவரும் அந்த அறிக்கையை எழுதியவர்களில் ஒருவர். டைபாய்டைக் குணப்படுத்தும் முதல் மருந்து கிடைத்துவிட்டது என்ற செய்தி அதே 1948-இல் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டது.

குளோராம்ஃபெனிக்கால் சிலருக்கு இரத்தம் உற்பத்தியாவதையே நிறுத்திவிடும் என்பது பின்னர் தெரிந்து, அதன் பயன்பாடு குறைந்தது. அந்த இடத்துக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வந்தன. அவற்றில் ஒன்றான டாக்சிசைக்ளினை ஒரே வேளை கொடுத்தால் ஸ்கரப் டைபஸ் குணமாகுமா என்று மலேசியாவில் நடந்த சோதனையின் முடிவு 1978-இல் வெளிவந்தது. குணமாகும் என்பதே பதில். இன்றும் முதல் மருந்து டாக்சிசைக்ளின்தான். விலை அதிகமில்லாத, பழைய மருந்து.

ஓட்டக்காரர் எண்ணிய கணக்கு

மருந்து வந்துவிட்டது, நோய் ஓய்ந்துவிட்டது என்றுதான் நாட்டில் பலர் எண்ணினார்கள். உண்மை என்ன என்று பார்க்க, பகாங் மாநிலம் மெந்தகாப் மருத்துவமனையில் காய்ச்சலோடு சேர்ந்த 1,629 நோயாளிகளை ஓர் ஆய்வுக்குழு ஒவ்வொருவராகப் பரிசோதித்தது. முடிவு 1984-இல் வெளியானது. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் டாக்டர் மணி ஜெகதீசன். ஆம், ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கங்களைக் குவித்து, 'பறக்கும் டாக்டர்' என்று நாம் போற்றிய அதே ஜெகதீசன்தான். ஓட்டப் பாதையில் அவரை அறிந்த நம்மில் பலர், ஐ.எம்.ஆர்.-இல் நுண்ணுயிரியல் ஆய்வாளராக அவர் ஆற்றிய பணியை அறிந்திருக்க மாட்டோம்.

அந்த ஆய்வு கண்டது என்ன? எல்லாக் காய்ச்சல்களிலும் முதலிடம் ஸ்கரப் டைபஸுக்குத்தான், நூற்றுக்கு 19.3. மலேரியா 6.2 விழுக்காடு மட்டுமே. செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோதோ, அவர்களுக்கு வந்த காய்ச்சல்களில் 46.8 விழுக்காடு ஸ்கரப் டைபஸ். ஏறக்குறைய இரண்டில் ஒன்று!  மறுபடியும் அதே பாடம்தான். என்ன காய்ச்சல் என்பதை, எங்கே வேலை என்பது பாதி சொல்லிவிடுகிறது.

வேலூரிலிருந்து வந்த செய்தி

இது பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்று ஸ்கரப் டைபஸ் ஆராய்ச்சியின் முன்வரிசையில் நிற்கும் ஊர்களில் ஒன்று, நம்மில் பலரின் மூதாதையர் கப்பலேறிய அதே தமிழ்நாட்டில் இருக்கிறது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து, நோய் முற்றிய 794 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தின. டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவுகள். முடிவு 2023-இல் வெளியானது. மரணம், நீடித்த உறுப்புப் பாதிப்பு, அடங்காத காய்ச்சல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். தனித்தனி மருந்து பெற்ற பிரிவுகளில் அது 47, 48 விழுக்காடு. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 விழுக்காடு. புதிய மருந்து எதுவும் இல்லை. பழைய இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இறப்பு எண்ணிக்கையில் மட்டும் பெரிய வேறுபாடு இல்லை. நோய் முற்றிய பிறகு எந்த மருந்துக்கும் எல்லை உண்டு, முன்கூட்டியே கண்டுபிடிப்பதே முதல் மருந்து என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

2025-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தது. அந்தக் கிராமங்களில் ஆண்டுதோறும் பத்துப் பேரில் ஒருவர் வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாவதாக அது காட்டியது. பெரும்பாலானோருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வருகிறவர்களில் சிலருக்கு அது உயிருக்கே உலை வைக்கிறது.

ஆய்வுக்கூடத்திலும் புதுச் செய்திகள் வருகின்றன. இந்தக் கிருமி மற்றக் கிருமிகளைப் போல் சத்துக்கூழில் வளராது. உயிருள்ள செல்லுக்குள்தான் வாழும். செல்லுக்குள் பொருள்களை ஏற்றிச் செல்லும் நுண்ணிய தண்டவாளங்கள் இருக்கின்றன. இந்தக் கிருமி அந்தத் தண்டவாளத்தில் ஏறி, செல்லின் மையக்கருவுக்கு அருகே போய்க் குடியமர்கிறது. செல்லுக்குள் இருக்கும்போது ஒரு நிலையிலும், வெளியேறிய பின் வேறொரு நிலையிலும் இருக்கிறது என்று 2022-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இப்படி வேடம் மாற்றும் கிருமிக்கு நல்ல தடுப்பூசி இன்றுவரை வரவில்லை.

நமக்கு என்ன?

நம்மவர்கள்தான் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார்களே, இனி நமக்கு இதனால் என்ன என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டார்கள். செம்பனைக் காட்டில் இன்று குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன் கப்பலேறி வந்ததைப் போலவே குடும்பத்தை விட்டு வந்தவர்கள். காய்ச்சல் என்றால் விடுப்புக் கேட்கப் பயப்படுகிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களும் மனிதர்கள்தாம்.

நம் தொடர்பும் முற்றாக அறுந்துவிடவில்லை. வார இறுதியில் ஈஜோக் பக்கமும் தஞ்சோங் காராங் பக்கமும் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து தூண்டில் போடுகிறோம். வீட்டுக்குப் பின்னால் லாலாங் புல்லை வெட்டி மரவள்ளி நடுகிறோம். பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் புல்தரையில் பாய் விரித்துப் படுக்கிறோம். மாடு வளர்ப்பவர்கள் இன்றும் செம்பனை ஓரத்தில்தான் மேய்க்கிறார்கள்.

பிறகு காய்ச்சல் வருகிறது. இன்று காய்ச்சல் என்றாலே அனைவருக்கும் முதலில் தோன்றுவது டிங்கி. அன்று எல்லாமே மலேரியா, இன்று எல்லாமே டிங்கி! டிங்கியை முதலில் சோதிப்பது சரிதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிங்கி இல்லை என்று தெரிந்த பிறகும் காய்ச்சல் விடவில்லையென்றால், அடுத்த கேள்வி கேட்கப்பட வேண்டும். எலிக்காய்ச்சலா? ஸ்கரப் டைபஸா? டிங்கிக்கு நேரடி மருந்து இல்லை. ஸ்கரப் டைபஸுக்கு இருக்கிறது. மருந்துள்ள நோயால், பெயர் தெரியாத காரணத்துக்காக ஒருவர் இறப்பது எவ்வளவு பெரிய கொடுமை?

மருத்துவருக்கு நேரம் குறைவு. வெளியே வரிசை நீளம். அவர் கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். "டாக்டர், பத்து நாளுக்கு முன் செம்பனைக் காட்டில் வேலை செய்தேன். புல்லில் உட்கார்ந்து மீன் பிடித்தேன். இடுப்பில் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கிறது." இந்த மூன்று வாக்கியங்கள் ஓர் உயிரைக் காப்பாற்றலாம். வெட்கப்பட்டு மறைக்கும் இடங்களில்தான் அந்தப் பொருக்கு இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். குறிப்பாக நம் பெண்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்தை நாமே கடையில் வாங்கி விழுங்கக் கூடாது. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. புல்லில் வேலை செய்பவர்கள் நீண்ட கால்சட்டையும் காலணியும் அணிவதும், வீடு திரும்பியதும் குளித்து உடை மாற்றுவதும் நல்லது. புல்தரையில் வெறுமனே படுக்காமல் இருப்பதும் நல்லது.

பெயரில்லாதவர்கள்

இந்தக் கட்டுரையில் எத்தனை பெயர்களைச் சொன்னேன்! வாட்சன், ஃபிளெச்சர், கிங்ஸ்பரி, லூத்வெயிட், சவூர், ஸ்மேடல், உட்வர்ட். அவர்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்ற லயத்துப் பிள்ளையின் பெயர் என்ன? ஓ.எக்ஸ்.கே. சோதனைக்கு இரத்தம் கொடுத்த புல்வெட்டுக்காரனின் பெயர் என்ன? 1948-இல் புது மருந்தை முதலில் வாங்கி விழுங்கிய நோயாளியின் பெயர் என்ன? அறிக்கைகளில் அவர்கள் எண்களாக இருக்கிறார்கள். அந்த எண்கள் இல்லாவிட்டால் இந்தப் பெயர்களும் இல்லை.

படப்பிடிப்பு அன்று புறப்படும்போது அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இப்பவாவது அதுக்குப் பேரு இருக்காம்மா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது போய்ச் சொல்லலாம்: "இருக்கு பாட்டி. உங்க அப்பாவுக்கு வந்தது அதுதானான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவரு வேலை செஞ்ச காட்டுல அப்படி ஒண்ணு இருந்துச்சு. அதுக்குப் பேரு இருக்கு, மருந்தும் இருக்கு. அந்தப் பேரைக் கண்டுபிடிக்க உங்க அப்பா மாதிரி ஆளுங்கதான் இரத்தம் கொடுத்தாங்க."

இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நம் குடும்பத்தில் யார், எந்தத் தோட்டத்தில், என்ன வேலை செய்தார்கள், எந்தக் காய்ச்சலில் போனார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து டிங்கி இல்லை என்று ஆனால், "எங்கே போயிருந்தாய்?" என்று முதலில் நீங்களே கேளுங்கள்.